கரண்ட் வெட்ட வருவதற்கு முன் தெனாகா கவுண்டருக்குப் போங்கள்: செந்தூலிலிருந்து ஒரு விமர்சனம்

எங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பெனியான தெனாகாவில் கிடைக்கும் தவணை வசதியும், பரம ஏழைகளுக்கான மாதம் 40 வெள்ளி (ரிங்கிட்) கழிவும் உண்மையிலேயே நல்லவை. ஆனால் அப்படி இருப்பதே தெரியாமல், கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் ஃபிளாட் மாதிரி இடங்களில் பலர் ஃப்யூஸைப் பிடுங்க ஆள் வரும்வரை சும்மா இருந்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்ப ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதும், கூப்பிட்டால் கவுண்டருக்குக் கூடப் போவதும் எனக்குப் பழகிப்போன வேலை. அதனால் பில் கட்டப் பணமில்லாத ஒரு குடும்பத்துக்கு இந்தச் சேவையில் என்ன கிடைக்கும், எங்கே கைவிட்டுவிடும் என்பதை மட்டும் எழுதுகிறேன். கரண்ட் ஒழுங்காக வருகிறதா, ஆள் சீக்கிரம் வந்து ரிப்பேர் செய்கிறார்களா என்பதெல்லாம் வேறு கதை.

முதலில் விலை. ஜூலை 2025-லிருந்து தீபகற்ப மலேசியாவில் புதுக் கட்டண முறை வந்திருக்கிறது. பில்லில் ஒரு யூனிட்டுக்கு மின்சாரம் 27.03 காசு, கெப்பாசிட்டி 4.55 காசு, நெட்வொர்க் 12.85 காசு என்று தனித்தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் வந்தவர்கள் அதிகம். கூட்டினால் 44.43 காசு வருகிறதே, முன்பு முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசுதானே, இரண்டு மடங்கு ஏற்றிவிட்டார்களா என்று கேட்டார்கள். அப்படி இல்லை. கீழே இன்னொரு வரி இருக்கிறது, சிக்கனமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கான ஊக்கக் கழிவு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழித்துக்கொள்கிறார்கள். ஆக சரியாக 200 யூனிட் எரித்தால் இப்போது 38 வெள்ளி 86 காசு, பழைய முறையில் 43 வெள்ளி 60 காசு. மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் 600 யூனிட்டுக்கு மேல் போகாத வீட்டுக்கு அது கிடையாது, எரிபொருள் விலையைப் பார்த்து மாதாமாதம் கூடிக் குறையும் தொகையும் கிடையாது. ஏர்கோன் இல்லாமல் இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, ரைஸ் குக்கர் என்று ஓடுகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பாதகமில்லை. விலை விஷயத்தில் ஏழை வீட்டை யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள், அதை மனதாரச் சொல்கிறேன், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அப்புறம் அந்த 40 வெள்ளி. 2008-ல் பில் 20 வெள்ளிக்குள் வந்தால் கட்டவே வேண்டாம் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள், வயதானவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். 2019-ல் அதை மாற்றி, அரசாங்கம் ஏழைக் குடும்பங்களைப் பதிவு செய்யும் இ-காசே (eKasih) பட்டியலில் இருக்கிறவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை என்று ஆக்கினார்கள். இப்போது அது பரம ஏழை என்று பதிவானவர்களுக்குத்தான். மேலே சொன்ன 200 யூனிட் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், முழு பில்லும் அடைந்துவிடும். ஒரு தனிக்கட்டை பாட்டிக்கு இது பெரிய விஷயம், கையில் காசு வாங்கத் தேவையில்லை, பில்லிலேயே கழிந்துவிடும், யாரிடமும் போய் நிற்கவும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், கரண்ட் வெட்டப்படுகிற வீடுகளும் இந்தப் பட்டியலில் இருக்கிற வீடுகளும் ஒன்றாக இருப்பதில்லை. 2022 கணக்குப்படி நாட்டின் சராசரி வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. சாப்பாட்டுக்கே பற்றாதவர்கள் என்று கணக்கிடும் கோடு 1,198 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமோ 2025-லிருந்து 1,700. கோடு குடும்ப அளவைப் பார்த்தும் இடத்தைப் பார்த்தும் மாறும் என்றாலும், ஒரே ஆள் செக்யூரிட்டி வேலை பார்த்து 1,700 கொண்டு வருகிற வீடு பரம ஏழை என்று பட்டியலில் ஏறுவது கஷ்டம். அந்த வீட்டில்தான் ஒரு மாதம் பிள்ளைக்கு டெங்கி, அடுத்த மாதம் மோட்டார் சைக்கிள் ரிப்பேர், அதற்கடுத்த மாதம் ஓவர்டைம் இல்லை என்று பில் மூன்று சேர்ந்து நிற்கிறது. இவர்கள் நிரந்தரமாக உதவி கேட்கிறவர்கள் கிடையாது. இரண்டு மூன்று மாதம் மூச்சுவிட நேரம் கொடுத்தால் போதும், கட்டிவிடுவார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், வரும் சாரா என்ற அரசாங்க உதவிப் பணத்தில் அரிசி, எண்ணெய் வாங்கலாம், கரண்ட் பில் கட்ட முடியாது. எஸ்டிஆர் என்ற இன்னொரு அரசாங்க உதவி ரொக்கமாக வரும், ஆனால் மாதாமாதம் வராது. நோட்டீஸ் வருகிற தேதி எஸ்டிஆர் வருகிற தேதியைப் பார்த்து வருவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி தவணைதான். போன வருஷம் எங்கள் பிளாக்கில் ஒரு அக்காவோடு கவுண்டருக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் கிளீனர் வேலை, கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பில்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மடித்து மடித்து வைத்திருந்தார், அதில் பாதியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “திட்டுவாங்களாம்மா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பாக்கி முந்நூறு வெள்ளி சொச்சம். கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்து, “புவான், இன்றைக்கு எவ்வளவு கட்ட முடியும்?” என்று மெதுவாகக் கேட்டார். அக்கா கையில் இருந்த நூறு வெள்ளியை எடுத்து வைத்தார். மீதியை வரும் மாதங்களின் பில்லோடு பிரித்துக் கட்டலாம் என்று எழுதிக் கொடுத்து, எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று பில்லின் ஓரத்திலேயே பேனாவால் குறித்தும் கொடுத்தார். திட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்று துருவவும் இல்லை. அந்த மரியாதைக்காகவே நான் இந்தச் சேவையைப் பற்றி நல்லபடியாக எழுத நினைத்தேன்.

போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனித்துக்கொண்டு போங்கள். பில்லில் இந்த மாதத் தொகை தனியாகவும், துங்காக்கான் என்று பழைய பாக்கி தனியாகவும் இருக்கும். வெட்டுவதற்கு நோட்டீஸ் வருவது அந்தப் பழைய பாக்கிக்குத்தான், ஆகவே கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அது முதலில் எதில் கழிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐசி, கடைசி பில், நோட்டீஸ் வந்திருந்தால் அதுவும், சம்பளச் சீட்டு இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போய் எல்லாவற்றையும் தள்ளிப்போடச் சொல்வதைவிட, இன்று இவ்வளவு, சம்பளம் வந்ததும் இவ்வளவு என்று தொகையைச் சொல்லிப் பேசினால் காரியம் நடக்கும். முக்கியமாக, தவணை ஓடும்போது புது பில்லையும் கட்டியாக வேண்டும். பலர் இங்கேதான் தவறிவிடுகிறார்கள், தவணையை மட்டும் கட்டிவிட்டு நடப்பு பில்லை விட்டுவிடுகிறார்கள், ஏற்பாடு முறிந்துபோய் முழுப் பாக்கியும் ஒரேயடியாகத் தலைக்கு வந்துவிடுகிறது. ஒத்துக்கொள்வதற்கு முன்பே தவணையும் புது பில்லும் சேர்ந்து எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். முடியாத தொகை என்றால் அங்கேயே சொல்லிக் குறைத்துக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து யோசித்துப் பயனில்லை.

தவணைக்கும் நான்கு கொடுத்திருப்பேன். ஆனால் அது கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. என் கையில் வந்த வெட்டு நோட்டீஸ்களில் எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும் என்பது கண்ணில் படும் அளவுக்கு, முடியாவிட்டால் வந்து பேசுங்கள் என்பது கண்ணில் படவில்லை. அந்தக் காகிதத்தைப் படித்தவுடன் ஒரு ஏழைக்கு வருவது பயமும் வெட்கமும். வெட்கப்படுகிறவர் கவுண்டருக்குப் போகமாட்டார், டின்னுக்குள் மடித்து வைத்துவிடுவார். நோட்டீஸின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் தவணை உண்டு என்று ஒரு வரி போட்டால், கூடவே தமிழிலும் சீனத்திலும் அதையே போட்டால், ஆள் அனுப்பி வெட்டி மறுபடி ஆள் அனுப்பி மாட்டுகிற செலவு கம்பெனிக்கும் குறையும். இதனால் தவணைக்கு மூன்றுதான்.

தெனாகாவின் மைடிஎன்பி ஆப் நன்றாக இருக்கிறது, நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரே ஆளின் ஆப்பில் பல கணக்குகளைச் சேர்க்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. சிரம்பானில் வேலை செய்கிற மகன் இங்கே இருக்கிற அம்மாவின் பில்லை அங்கிருந்தே பார்த்துக் கட்டலாம். ஸ்மார்ட் மீட்டர் போட்ட வீடாக இருந்தால் தினமும் எவ்வளவு எரிகிறது என்றும் தெரியும், பழைய ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் புரிந்துகொண்டோம். எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான், பிள்ளைகள் உதவி இல்லாத முதியவர்களுக்கு ஆப் பயன்படாது. அவர்களுக்குக் கவுண்டர்தான்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். வாடகைக்கு இருப்பவர்கள். எங்கள் பக்கம் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுகிற வீடுகள் நிறைய, கரண்ட் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், வாடகையோடு கரண்டுக்கும் சேர்த்து மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள். நான் முன்பு குடியிருந்த வீட்டில் அப்படித்தான். எங்களிடம் தவறாமல் வாங்கிய வீட்டுக்காரர் அதைக் கட்டவே இல்லை. ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வந்தால் ஃபேன் ஓடவில்லை, பக்கத்து அறையில் இருந்த பெரியவரின் இன்சுலின் ஃபிரிட்ஜில் சூடாகிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மலாய்க் குடும்பம்தான் தங்கள் ஃபிரிட்ஜில், முட்டை வைக்கும் தட்டில் இடம் ஒதுக்கி, அந்த ஊசி மருந்தை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. கணக்கு எங்கள் பெயரில் இல்லை, தவணை கேட்க நாங்கள் யார்? பில் தொகையை நாங்களே கையிலிருந்து கட்டித்தான் கரண்ட்டை வரவைத்தோம், அந்தப் பணம் திரும்ப வரவே இல்லை. கட்டிய மனிதனுக்குக் கரண்ட் போகிறது, கட்டாத மனிதன் வேறு ஊரில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறான். இந்த அநியாயத்தை எத்தனை வருஷமானாலும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெட்டாமல் இருக்க முடியாது, வெட்டாவிட்டால் யாருமே கட்டமாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறேன். மார்ச் 18-ல் எம்சிஓ என்ற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் மீட்டர் பார்க்க ஆள் வருவதும் நின்றது, வெட்டுவதையும் நிறுத்தி வைத்தார்கள். பிறகு சில மாத யூனிட் மொத்தமாகச் சேர்ந்து பில் வந்தபோது நாடே கொதித்தது, அரசாங்கம் இறங்கி வந்து வீடுகளுக்கு மாதம் 77 வெள்ளி என்று மூன்று மாதத்துக்குக் கழிவு கொடுத்தது. பாக்கியைப் பிரித்துக் கட்டவும் விட்டார்கள். கம்பெனி ஒன்றும் மூடவில்லை. மனது வைத்தால் முடியும் என்று நம் ஊரிலேயே நடத்திக் காட்டியாகிவிட்டது.

வெளிநாட்டில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். பிரான்சில் நவம்பர் 1-லிருந்து மார்ச் 31 வரை, கட்டவில்லை என்பதற்காக ஒரு வீட்டின் கரண்ட்டையோ கேஸையோ வெட்டக் கூடாது. பாக்கி பாக்கியாகவே இருக்கும், குளிரில் மட்டும் யாரையும் விடமாட்டார்கள். நமக்குக் குளிர்காலம் கிடையாது என்று இதைத் தள்ளிவிட முடியாது. மார்ச், ஏப்ரல் வெயிலில் பதினேழாவது மாடியில், மேற்குப் பார்த்த வீட்டில், ஃபேன் இல்லாமல் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருந்து பார்க்கட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின், இன்சுலின், படுத்த படுக்கையான ஆள், கைக்குழந்தை என்று இருந்தால், டாக்டர் கடிதம் காட்டியவுடன் வெட்டு தானாகத் தள்ளிப்போக வேண்டும், அது கவுண்டரில் இருப்பவரின் நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. அந்தப் பெண் அதிகாரி நல்லவர். அடுத்த கவுண்டரில் இருப்பவர் அன்றைக்கு எரிச்சலில் இருந்தால் என்ன செய்வது? எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, இதற்கு விதி போட வேண்டும். புகார்களும் அங்கே கொடுக்கலாம், எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

கரண்ட்டைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு தண்ணியை விட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 சட்டத்துக்குப் பிறகு வீட்டுக்குத் தண்ணீரை வெட்டவே கூடாது, எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி. பக்கத்து மாநிலமான சிலாங்கூரில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதம் 20 கன மீட்டர் இலவசத் தண்ணீர்த் திட்டம் இருக்கிறது, மாநில அரசின் திட்டம் என்பதால் எல்லை தாண்டி கோலாலம்பூர் பக்கம் வந்தால் அது கிடையாது. சிலாங்கூர் பக்கம் பத்து கேவ்ஸில் இருக்கிற தங்கைக்குக் கிடைப்பது செந்தூலில் இருக்கிற அக்காவுக்குக் கிடைக்காது, ஒரே குழாய்த் தண்ணீர்தான், ஒரே கம்பெனிதான். இதை மாற்ற வேண்டியவர்கள் அரசியல்வாதிகள், தண்ணி கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய மலிவு ஃபிளாட்டுகளில் இதைவிட மோசம் தண்ணிக்கான கூட்டு மீட்டர். முழு பிளாக்குக்கும் ஒரே மீட்டர், ஒரே பில், நிர்வாகம் வீடு வீடாக வசூலித்துக் கட்ட வேண்டும். பாதி வீடு கொடுக்காவிட்டாலும், அல்லது வசூலித்த பணம் வேறு செலவுக்குப் போய்விட்டாலும், கம்பெனியின் பார்வையில் பாக்கி வைத்திருப்பது முழு பிளாக்கும்தான். ஒழுங்காகக் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வாளியோடு கீழே இறங்கி நிற்கிற நிலை எங்கள் ஏரியாவில் வந்திருக்கிறது. தனித்தனி மீட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற திட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு முதலில் நிர்வாகம் ஒத்துழைக்க வேண்டும், பழைய பாக்கியைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும். கூட்டு மீட்டர் உள்ள ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். தண்ணிக்கு வசூலித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்ற கணக்கைக் கேளுங்கள், கடைசியாகக் கட்டிய தண்ணி ரசீதை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு ஒன்று. முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைசி கரண்ட் பில்லையும் தண்ணி பில்லையும் கேட்டு வாங்கி, துங்காக்கான் வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழு வீட்டையும் எடுக்கிறீர்கள் என்றால் வாடகை ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் போட்டு, கரண்ட் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். இரண்டு மாத பில் அளவுக்கு முன்வைப்புத் தொகை கேட்பார்கள், அது கையைக் கடிக்கும்தான், ஆனால் நாளைக்குத் தவணை கேட்கப் போனால் கவுண்டரில் பேச உங்களுக்கு உரிமை இருக்கும். வீட்டுக்காரர் மாற்ற விடமாட்டேன் என்றால், மாதாமாதம் பில் கட்டிய ரசீதைக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.